சாதா மெஷினில் மகளுக்கு நீச்சல் உடை தைக்க முடியுமா?

குடமுருட்டி (பாபநாசம்):

வணக்கம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. தஞ்சாவூரில் ஒரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது, நைலான் உடைதான் என்று சொல்லிவிட்டார்கள். கடையில் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று தொடை முழுக்கத் தெரிகிற சின்ன உடை, அதைப் போட மாட்டேன் என்கிறாள். இன்னொன்று முட்டி வரைக்கும் வருகிறது, ஆனால் இடுப்பைச் சுற்றிச் சுருக்கு வைத்து, கழுத்தில் ரிப்பன் வேறு தொங்குகிறது. அவள் ஒல்லி, உயரம். அகலம் சரியாக இருந்தால் நீளம் பற்றவில்லை, தோளில் அறுக்கிறது.

வீட்டில் கால் மெஷின் இருக்கிறது, நேர்த் தையல் மட்டும். பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாம் நானேதான் தைக்கிறேன். லெக்கிங்ஸ் துணி வாங்கி நீச்சல் உடை தைத்தால் சரிப்படுமா? இழுபடும் துணி இந்த மெஷினில் ஓடுமா? இன்னொன்று, ஜூன் 12 மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் என் மாமனார் அவளை ஆற்றில் இறக்கிப் பழக்கப்போகிறேன் என்கிறார். ஒரே உடை இரண்டுக்கும் ஆகுமா?

நாலுரோடு டெய்லர் (கும்பகோணம்):

மெஷின் ஓடும் தங்கச்சி, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முதலில் துணியை மாற்றுங்கள்.

லெக்கிங்ஸ் துணி என்று நம் கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் காட்டன் லைக்ரா, பருத்தியோடு இழுபடும் இழை கலந்தது. கையில் நன்றாகத்தான் இழுபடும். ஆனால் நனைந்ததும் கனத்துப்போய் முட்டியிலும் பின்பக்கத்திலும் தொங்கிவிடும். காற்றில் இருக்கும் ஈரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை இழுக்கும். நைலான் 4 சதவீதம், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. குளத்துக்குள் இறங்கினால் வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள்.

நைலான் ஸ்பான்டெக்ஸ் அல்லது பாலியெஸ்டர் ஸ்பான்டெக்ஸ் கேளுங்கள். ஸ்பான்டெக்ஸ் என்பது இழுபட்டுத் திரும்பும் இழை, அது 15 முதல் 20 சதவீதம் இருக்கட்டும். கனம் 180 முதல் 220 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி அத்தனை கிராம். கடையிலேயே சோதித்துவிடலாம். துணியில் 10 சென்டிமீட்டர் பிடித்து நீளத்திலும் குறுக்கிலும் தனித்தனியாக இழுங்கள். 15 வரைக்கும் சிரமமில்லாமல் வர வேண்டும். விட்டதும் பத்துக்கே திரும்ப வேண்டும். பதினொன்றில் நின்றுவிட்டால் அந்தத் துணி வேண்டாம், ஒரு மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும்.

வெளிர் நிறமாக இருந்தால் இன்னொரு சோதனை. ஒரு துண்டை நனைத்து, லேசாக இழுத்து, செய்தித்தாள் மேல் வையுங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் முன்பக்கத்துக்கு முழு லைனிங் போட்டே ஆக வேண்டும். லைனிங்கும் இழுபடும் வகையாக இருக்கட்டும். பிளவுஸுக்குப் போடுகிற லைனிங்கை வைத்தால் மேல்துணி இழுபட்டும் பயன் இருக்காது.

திருப்பூர் போய் வந்தவன் (மன்னார்குடி):

துணிக்கு ஒரு வழி சொல்கிறேன். பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்த்தவன். திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் போனால் ஏற்றுமதியில் மிஞ்சிய துணி கிடைக்கும். பின்னல் துணியை அங்கே கிலோ கணக்கில்தான் நிறுப்பார்கள், மீட்டர் கணக்கு கேட்டால் விழிக்க வேண்டாம். 200 ஜிஎஸ்எம் துணி ஒன்றரை மீட்டர் அகலத்தில் இருந்தால் ஒரு கிலோவுக்கு மூன்றே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அரைக்கை, முட்டி நீளம் என்றால் ஒரு மீட்டர் போதும். ஒரு கிலோ வாங்கினால் இரண்டு உடை வெட்டி மிச்சமும் இருக்கும், முதலில் தைத்துப் பழக அந்த மிச்சம் ஆகும்.

விளையாட்டு ஜெர்சித் துணியும் நைலான் துணியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், பளபளப்பு ஒன்றுபோலத் தெரியும். ஜெர்சியில் பெரும்பாலும் ஸ்பான்டெக்ஸ் இருக்காது. டெய்லர் அண்ணன் சொன்ன இழுவைச் சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

நான் இந்தப் பக்கத்தில் வயதில் மூத்தவளாக இருப்பேன். எங்கள் காலத்தில் பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் வெண்ணாற்றில் இறங்குவோம். முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் எனக்கு நீச்சல் வந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இவ்வளவு செலவும் மெனக்கெடலும் எதற்கு என்று முதலில் தோன்றியது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், படித்துறையில் முழுகிக் குளிக்கத்தான் அந்தக் கட்டு. அக்கரைக்கு நீந்திப் போகிறபோது என் அத்தை பாவாடையைத் தாறு பாய்ச்சிக் கட்டிவிடுவார். கால் நடுவே இழுத்துப் பின்னால் செருகினால்தான் கால் அடிக்க முடியும். இல்லாவிட்டால் இழுப்பில் துணி காலைச் சுற்றிக்கொள்ளும். சேலையோடு இறங்கினவர்கள் அப்படித்தான் தடுமாறுவார்கள். அதனால் பேத்திக்குக் கால் பிரித்துத் தை மகளே. இடுப்பைச் சுற்றிப் பாவாடை வைத்தது வேண்டவே வேண்டாம், அழகாக இருந்தாலும் சரி.

கடைமடை (திருத்துறைப்பூண்டி):

பாட்டி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் ஊர்க் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறவன் நான். உடையில் நான் பார்ப்பது மூன்றுதான்: காலைச் சுற்றுகிற துணி இருக்கக் கூடாது, மாட்டிக்கொள்கிற கயிறு இருக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரிகிற நிறமாக இருக்க வேண்டும்.

மூன்றாவதைப் பெற்றோர் யாருமே கேட்பதில்லை, அதனால் அதை விரித்துச் சொல்கிறேன். நீச்சல் குளத்தின் அடியில் நீல டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். அதில் நீல உடையும் வெள்ளை உடையும் இரண்டடி ஆழத்திலேயே கலந்துபோகும், மேலே அலை அடித்தால் பிள்ளை இருக்கிற இடமே தெரியாது. நம் ஆற்றில் கதை வேறு. புதுத் தண்ணீர் வரும்போது செக்கச்செவேலென்று வண்டல் கரைந்து வரும். அதில் கறுப்பு, பழுப்பு, கரும்பச்சை, நீலம் எல்லாம் போய்விடும். ஒளிரும் ஆரஞ்சு, ஒளிரும் மஞ்சள், ஒளிரும் பச்சை, இந்த மூன்றும்தான் ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஒளிரும் சாயம் வெயிலை வாங்கித் திரும்ப வெளியே விடுவதால் கலங்கலிலும் எடுப்பாக நிற்கிறது. வெயிலில் காயப்போட்டால் அதே சாயம்தான் முதலில் வெளுக்கும், அதனால் நிழலில் உலர்த்துங்கள்.

ஆழத்துக்குப் போய்விட்டால் எந்த நிறமும் உதவாது. மாமனார் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், கரையில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த எட்டே ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கிறது, போன வருடம் இருந்த ஆறு இந்த வருடம் இருக்காது. தண்ணீர் வருவதற்கு முன்னால், ஆறு காய்ந்து கிடக்கும்போதே இறங்கி நடந்து பார்த்து இடம் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். முதல் தண்ணீர் வரும்போது இறக்க வேண்டாம், தண்ணீர் நிதானப்பட்ட பிறகு, ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைப்பை விட்டுத் தள்ளி இறக்கலாம். கொள்ளிடத்துக்கு மட்டும் கூட்டிப் போக வேண்டாம். அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு.

குடமுருட்டி (பாபநாசம்):

எல்லாருக்கும் நன்றி. அவள் கறுப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள், கடைமடை அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டியதும் ஆரஞ்சுக்கு ஒத்துக்கொண்டாள். துணி சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது அளவு எப்படி எடுப்பது? சுடிதாருக்குத் தளர்வு விட்டு வெட்டித்தான் பழக்கம்.

நாலுரோடு டெய்லர் (கும்பகோணம்):

இங்கே கணக்கு தலைகீழ். உடம்பு அளவைவிடச் சிறிதாக வெட்ட வேண்டும், துணி இழுபட்டு உடம்போடு நிற்கும். தளர்வு விட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து பலூனாகிவிடும்.

சுற்றளவில் 10 சதவீதம் குறையுங்கள். மார்பு 28 இன்ச் என்று வையுங்கள். பத்து சதவீதம் போனால் 25.2. நாலாக மடித்தால் 6.3, தையலுக்குக் கால் இன்ச் சேர்த்தால் ஆறரை. இடுப்புக்குக் கீழே 30 என்றால் 27, நாலில் ஒரு பங்கு ஆறே முக்கால், தையலோடு ஏழு. துணி நன்றாக இழுபடும் வகையென்றால் 15 சதவீதம் வரை போகலாம், வளர்கிற பிள்ளைக்குப் பத்தோடு நிறுத்துங்கள். நீளத்தில் அவ்வளவு குறைக்கக் கூடாது, ஐந்து சதவீதம் போதும். துணி எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வரும்படி போட்டு வெட்டுங்கள்.

கடை உடை தோளில் அறுக்கிறது என்றீர்களே, அது மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடையில் வருகிற தொல்லை. அந்த வகைக்கு ஓர் அளவு கூடுதலாக எடுக்க வேண்டும்: தோள்மேட்டில் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால் நடுவே கொடுத்து, முதுகு வழியாக அதே தோளுக்கு. ரெடிமேடில் இந்த அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. என் யோசனை, இரண்டு துண்டாகவே தையுங்கள். இடுப்புக்குக் கீழே தொடைவரை இறங்கும் மேல்சட்டை, முட்டிக்கு மேலே நிற்கும் கால்சட்டை. அடுத்த வருடம் பிள்ளை மூன்று இன்ச் வளர்ந்தாலும் தோள் அறுக்காது, கழிப்பறைக்குப் போகவும் முழு உடையை அவிழ்க்க வேண்டியதில்லை.

அரிசிக்கடை (பட்டுக்கோட்டை):

ஒரு சந்தேகம். ஆன்லைனில் முழுக்கை, முழங்கால் நீளம் எல்லாம் வருகிறதே. துணி, ஊசி, எலாஸ்டிக், போக்குவரத்து என்று கூட்டினால் வாங்குவதே மலிவாக இருக்காதா?

குடமுருட்டி (பாபநாசம்):

வாங்கிப் பார்த்தேன் அண்ணா. படத்தில் ஒரு நிறம், கையில் வேறு நிறம், நனைத்ததும் முன்பக்கம் கண்ணாடியாகத் தெரிந்தது. திருப்பி அனுப்பினேன். ஒரு உடைக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் வெட்டிய தாளை வைத்துக்கொண்டு வருடாவருடம் பெரிதாக்கிக்கொள்ளலாம், என் தங்கை மகளுக்கும் ஒன்று கேட்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, உடை சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பிள்ளை நீச்சலை விட்டுவிடக் கூடாது. ஆறும் வாய்க்காலுமாக இருக்கிற ஊரில் பெண்பிள்ளைக்கு நீச்சல் தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

மஞ்சள்நூல் (கூத்தாநல்லூர்):

அக்கா, உங்கள் கடைசி வரிக்காகவே பதில் எழுத வந்தேன். எங்கள் வீட்டில் நானும் என் நாத்தனாரும் முழு உடம்பும் மறைக்கிற நீச்சல் உடை தைத்துப் போடுகிறோம். 2004இல் ஆஸ்திரேலியாவில் அஹேதா ஜனெட்டி என்ற லெபனான் வம்சாவளிப் பெண் வடிவமைத்த புர்கினியைப் பார்த்துத்தான் எங்களுக்கு எண்ணம் வந்தது. அவரும் விளையாட வரும் முஸ்லிம் பெண்பிள்ளைகள் படுகிற சிரமத்தைப் பார்த்துத்தான் தொடங்கினார்.

தைக்கிறவர்களுக்குச் சில நுணுக்கம். மேல்சட்டை நீளமாக இருந்தால் தண்ணீரில் மிதந்து மேலே ஏறிவிடும். அதற்கு மேல்சட்டையின் உள்பக்கம் இரண்டு பக்கத்திலும் சின்னத் துணிப்பட்டி தைத்து, கால்சட்டை இடுப்பில் பிளாஸ்டிக் பொத்தான் வைத்து மாட்டிவிடுங்கள். உலோகப் பொத்தானும் ஜிப்பும் துருப்பிடிக்கும், வேண்டாம். கைமுனையிலும் கால்முனையிலும் எலாஸ்டிக் போடாமல் துணியையே இரட்டைப் பட்டியாக மடித்து, சுற்றளவில் இன்னும் ஓர் இன்ச் குறைத்துத் தைத்தால் இறுக்காமலும் நிற்கும், நீரும் தேங்காது. தலைத்துணியைக் கழுத்தில் முடிச்சுப் போடுகிற மாதிரி வைக்கவே கூடாது. தனித்தொப்பியாகத் தைத்து மேல்சட்டைக் கழுத்துக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி (பாபநாசம்):

துணிப்பட்டி யோசனை அருமை தங்கச்சி, அதை மகள் சட்டையிலும் வைக்கப்போகிறேன். துணி வந்துவிட்டது. மிச்சத் துண்டில் ஓட்டிப் பார்த்தேன். நாலு தையல் விழுகிறது, இரண்டு தையல் தாவுகிறது. துணி மெஷின் பல்லுக்குள் இழுத்துக்கொண்டும் போகிறது.

நாலுரோடு டெய்லர் (கும்பகோணம்):

ஊசிதான் காரணம். சாதா ஊசியின் முனை கூர்மை, இழையைக் குத்திக் கிழிக்கும். ஸ்பான்டெக்ஸ் ஊசியைக் கவ்விக்கொள்வதால் கீழே கொக்கி நூலைப் பிடிக்க முடியாமல் தையல் தாவும். பால்பாயின்ட் அல்லது ஸ்ட்ரெட்ச் ஊசி, 11 நம்பர் வாங்குங்கள். முனை மழுங்கல், இழையை விலக்கிக்கொண்டு நடுவே இறங்கும். உங்களுடையது வீட்டு மெஷின் என்பதால் ஒரு பக்கம் தட்டையான தண்டு ஊசி கேளுங்கள். டெய்லர் கடை மெஷினுக்கு உருண்டைத் தண்டு, அது உங்களுக்குப் பொருந்தாது.

நூல் பாலியெஸ்டர் மட்டும். பருத்தி நூல் இழுவை தாங்காமல் பட்டென்று அறும், குளோரினிலும் நிற்காது. மேல்நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதத்தின் அழுத்தத் திருகையும் தளர்த்துங்கள். தையலை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியாக வையுங்கள். தைக்கும்போது பாதத்துக்கு முன்னே ஒரு கை, பின்னே ஒரு கை வைத்துத் துணியை லேசாக இழுத்துப் பிடித்து ஓட்டுங்கள். ஊசியை வளைக்கிற அளவுக்கு இழுக்க வேண்டாம். துணி பல்லுக்குள் போனால் அடியில் மெல்லிய வெள்ளைத்தாள் நாடா வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிடலாம். ஒரே வரி போதாது, பக்கத்திலேயே இன்னொரு வரி ஓட்டுங்கள். முடித்ததும் அந்த இடத்தை முழு பலத்தோடு இழுங்கள். படபடவென்று சத்தம் வந்தால் நூல் அறுகிறது, இன்னும் இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும்.

எலாஸ்டிக் வைக்கிற இடத்துக்கு நேர்த்தையல் சரிப்படாது. அதற்குப் புது மெஷின் வாங்க வேண்டியதில்லை. சேலைக்கு ஓரம் அடிக்கிற கடை உங்கள் ஊரிலும் இருக்கும், அவர்கள் வைத்திருப்பது ஜிக்ஜாக் மெஷின்தானே. எலாஸ்டிக்கைக் குண்டூசியால் பிடித்து எடுத்துக்கொண்டு போய், ஊசியை மாற்றச் சொல்லி, அகலம் மூன்று மில்லிமீட்டர், நீளம் இரண்டரை வைத்து அடித்து வாங்குங்கள். முதல் முறை துணியின் உள்பக்கம் எலாஸ்டிக்கோடு ஓட்டி, பிறகு ஒரு மடிப்பு மடித்து மேலே இன்னொரு முறை.

நாகை அலை (நாகப்பட்டினம்):

எலாஸ்டிக் பற்றி ஒன்று. உள்பாவாடைக்குப் போடுகிற சாதா எலாஸ்டிக்கை வைக்காதீர்கள், குளோரினிலும் கடல் உப்பிலும் உள்ளே இருக்கிற ரப்பர் பொடிந்துபோகும். நீச்சல் உடைக்கென்றே குளோரின் தாங்கும்படி வருகிற ரப்பர் பட்டை கிடைக்கும், கால் இன்ச் அகலம் போதும். கடலில் இறங்குகிறவர்கள் முழுக்கை வைப்பது நல்லது, வெயிலும் உப்பும் சேர்ந்து தோளை உரித்துவிடும்.

குடமுருட்டி (பாபநாசம்):

ஊசி மாற்றியதும் ஒரு தையல்கூடத் தாவவில்லை அண்ணே. மேல்சட்டையும் கால்சட்டையும் முடிந்து குளத்துக்கும் போட்டுப் போய்விட்டாள். கால் அடிக்கும்போது எங்கும் பிடிக்கவில்லையாம். ஓரம் அடிக்கிற அக்கா முதலில் மறுத்தார், துண்டில் அடித்துக் காட்டச் சொன்ன பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது, தன் மகளுக்கும் அளவு எடுத்து வைத்திருக்கிறார். ஒரே குறை, டைவ் அடித்து எழுந்தால் கழுத்துப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு தண்ணீர் உள்ளே போகிறது. எப்படிச் சரிசெய்வது? மாவட்டப் போட்டிக்கு அனுப்பலாம் என்று பயிற்சியாளர் சொல்கிறார், அரைக்கை வைத்த உடை ஆகுமா?

கடைமடை (திருத்துறைப்பூண்டி):

மகளுக்கு என் வாழ்த்து. சர்வதேச நீச்சல் அமைப்பு 2010இல் கொண்டுவந்த விதிப்படி குளத்துப் போட்டியில் பெண்கள் உடை கழுத்தை மூடக் கூடாது, தோளைத் தாண்டக் கூடாது, முட்டிக்குக் கீழே இறங்கக் கூடாது, துணியால் மட்டுமே ஆகியிருக்க வேண்டும். பள்ளி, மாவட்ட அளவில் எவ்வளவு கண்டிப்பு என்பது நடத்துகிறவர்களைப் பொறுத்தது, பெயர் கொடுக்கும்போதே பயிற்சியாளரை விட்டுக் கேட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் கை இல்லாமல் இன்னொரு மேல்சட்டை தைத்துக்கொள்ளலாம், கால்சட்டை அப்படியே ஆகும்.

நாலுரோடு டெய்லர் (கும்பகோணம்):

கழுத்து எலாஸ்டிக்கைக் கழுத்துச் சுற்றளவுக்குச் சமமாக வெட்டியிருப்பீர்கள். ஒரு இன்ச் குறைத்து வெட்டி, அந்த இழுப்பு முழுவதும் முன்கழுத்து வளைவில் விழும்படி வையுங்கள், தோள்பட்டையில் இழுக்க வேண்டாம். காலில் இதற்கு நேர்மாறு: முன்பக்கம் சமமாக, பின்பக்கம் இழுத்து. பழைய தையலைப் பிரிக்கும்போது பிளேடு வைக்காதீர்கள், சின்னக் கத்தரியால் மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டி நூலை உருவுங்கள்.

குளத்திலிருந்து ஏறியதும் அங்கேயே நல்ல தண்ணீரில் அலசிவிடச் சொல்லுங்கள், ஈர உடையைப் பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால் வழியெல்லாம் குளோரின் ஸ்பான்டெக்ஸை அரித்துக்கொண்டே வரும். முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டில் வைத்து அமுக்குங்கள். சோப்புத்தூள், வெந்நீர், இஸ்திரி மூன்றும் ஆகாது. தினமும் குளத்துக்குப் போகிறவள் என்றால் அடுத்த உடைக்குப் பிபிடி என்ற பாலியெஸ்டர் வகை கலந்த துணி தேடிப் பாருங்கள். நைலான் அளவுக்கு மென்மை இருக்காது, ஆனால் குளோரினில் அதைவிட நெடுநாள் வரும். ஆற்றுக்கு இந்த ஆரஞ்சு உடையையே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.